மையச்சிரை வடிகுழாய் இணைப்பிப் பராமரிப்பு

மையச்சிரை வடிகுழாய் இணைப்பி என்பது, உடலின் பெருஞ்சிரை ஒன்றில் உள்முனை அமையுமாறு செலுத்தப்பட்ட குழாயின் வெளிமுனையில் பொருத்தப்படும் சிறு அடைப்பு ஆகும். பேச்சுவழக்கில் சென்ட்ரல் லைன் எனப்படும் இக்குழாய் கழுத்து, காறையெலும்பின் அடி, தொடை அல்லது மேற்கையில் உள்ள சிரை வழியாகச் செலுத்தப்படுகிறது. மருந்தும் ஊட்டக் கரைசலும் இணைப்பியின் வழியாகவே உட்செல்கின்றன. சோதனைக்கான குருதியும் பல வேளைகளில் இதன் வழியாகவே எடுக்கப்படுகிறது. எனவே இணைப்பியில் ஒட்டிய கிருமி தோலின் காப்பு எதையும் கடக்க வேண்டியதின்றி நேரே குருதியை அடைந்துவிடும்.

கிருமி நுழையும் வழி

குழாய் செலுத்தப்பட்ட தொடக்க நாட்களில், தோலில் வாழும் கிருமிகள் குழாயின் வெளிப்பரப்பை ஒட்டி உள்நுழைவதே மிகுதி. நாட்கள் செல்லச் செல்ல இணைப்பியின் வழியாக உட்புறத்தில் நுழைவது முதன்மை பெறுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியங்களும் காண்டிடா என்னும் பூஞ்சையும் இவ்வாறு நுழைபவற்றுள் அடங்கும். இவை குழாயின் உட்சுவரில் பிசுபிசுப்பான உயிரிப்படலத்தை உண்டாக்கி அதனுள் தங்கிவிடுகின்றன. அப்படலத்தினுள் இருக்கும் கிருமிகளை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் அழிப்பது கடினம். பல வேளைகளில் குழாயையே அகற்ற நேரிடுகிறது. வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்தோருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இத்தொற்று உயிரிழப்பில் முடியக்கூடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகளைக் கொண்ட ஆய்வு 2006இல் வெளியானது. 1000 குழாய் நாட்களுக்கு 2.7 என இருந்த தொற்று வீதத்தின் இடைநிலை அளவு மூன்று மாதங்களில் சுழியானது. அங்கு வலியுறுத்தப்பட்ட ஐந்து செயல்களுள், தேவையற்ற குழாயை அகற்றுவது தவிர மற்றவை பெரும்பாலும் குழாய் செலுத்தும் வேளையைச் சார்ந்தவை. ஆனால் குழாய் ஒருமுறைதான் செலுத்தப்படுகிறது; இணைப்பியோ ஒரே நாளில் பலமுறை கையாளப்படுகிறது.

ஊசியற்ற இணைப்பிகள்

முன்னர் இரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியே மருந்து செலுத்தப்பட்டது. செவிலியர் கையில் ஊசி குத்தி எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி போன்றவை தொற்றுவதைத் தடுக்க 1990களில் ஊசியற்ற இணைப்பிகள் பரவின. இவை பணியாளரைக் காக்கவே வந்தவை. நோயாளியின் தொற்றைக் குறைப்பதற்காக அல்ல. சிலவற்றின் உட்பகுதி சிக்கலானதாக இருப்பதால் குருதி எச்சம் தங்க இடமுண்டு. சிரிஞ்சைக் கழற்றும்போது நீர்மத்தை உள்நோக்கித் தள்ளும் நேரழுத்த வகையைக் குறித்து ஐயம் எழுந்ததால், அவற்றை மேலும் ஆராயுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் உற்பத்தியாளர்களைப் பணித்தது.

தூய்மை செய்தல்

கைகளைத் தூய்மை செய்து கையுறை அணிந்த பின், 70% ஐசோபுரோப்பைல் ஆல்ககால் அல்லது ஆல்ககாலில் கரைத்த குளோரெக்சிடின் தோய்ந்த துணுக்கால் இணைப்பியின் மேற்பரப்பும் பக்கங்களும் 5 முதல் 15 நொடிகள் வரை அழுத்தித் தேய்க்கப்படுகின்றன. மேலோட்டமாக ஒருமுறை துடைப்பது போதாது. தேய்ப்பதால் உண்டாகும் உராய்வும் கிருமிகளை அகற்றுகிறது. பின்னர் அது தானாக உலரவேண்டும். ஊதி உலர்த்துவது வாயிலுள்ள கிருமிகளைச் சேர்ப்பதாகும். பணி நெருக்கடியில் பெரும்பாலும் விடுபடுவது உலரும் இச்சில நொடிகளே. அடுத்தடுத்துச் சிரிஞ்சு மாற்றும்போதும் ஒவ்வொரு முறையும் இது செய்யப்படவேண்டும். ஆல்ககால் ஊறிய காப்பு மூடிகளும் உள்ளன. கழற்றிய மூடியை மீண்டும் பொருத்தலாகாது.

மருந்து செலுத்திய பின் 0.9% உப்புநீர், விட்டுவிட்டுத் தள்ளி உட்செலுத்தப்படுகிறது. அதன்பின் கவ்வியை மூடும் வரிசை இணைப்பியின் வகையைப் பொறுத்தது. எதிரழுத்த வகையில் கவ்வியை மூடிய பின்னரே சிரிஞ்சைக் கழற்றவேண்டும். நேரழுத்த வகையில் கழற்றிய பின்னரே மூடவேண்டும். வரிசை மாறினால் குருதி குழாயின் முனைக்குள் பின்வாங்கி உறைகிறது. உறைந்த குருதி அடைப்பை உண்டாக்குவதுடன் கிருமிகளுக்கும் இடமளிக்கிறது.

மாற்றுதல்

இணைப்பியை அடிக்கடி மாற்றுவது நன்மை தருவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் குழாயைத் திறப்பதாகும். வழமையான மாற்றம் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி தேவையில்லை. உள்ளே குருதி தெரிந்தாலோ, கழன்று விழுந்தாலோ உடனே மாற்றவேண்டும். குருதி வளர்ப்புச் சோதனைக்காகக் குழாயிலிருந்து குருதி எடுக்குமுன்னும் புதிய இணைப்பி பொருத்தப்படுகிறது. இல்லையெனில் பழைய இணைப்பியில் இருந்த கிருமி சோதனையில் வளர்ந்து, தொற்று இல்லாத நோயாளிக்கும் தொற்று இருப்பதாகக் காட்டிவிடும்.