காலத்தை வாங்குவோம்

எபேசு திருச்சபைக்கு எழுதிய நிருபத்தில், பவுல் காலத்தைப் பற்றிப் பேசும்போது சந்தைச் சொல்லொன்றைக் கையாளுகிறார்: விலைகொடுத்து வாங்குதல். அங்குக் காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கைரோஸ்'. அது கடிகார நேரமன்று, தக்க தருணம். ஆகவே, எல்லா மணி நேரத்தையும் வேலையால் நிரப்புவதன்று, இறைவன் ஒப்படைத்த பணிக்குரிய தருணத்தைத் தவறவிடாமையே ஞானம் என்பது கிறிஸ்தவப் பார்வை. ஓய்வுநாளும் பத்துக் கட்டளைகளுள் ஒன்றல்லவா?

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலில் தமிழைக் கற்றார், பிறகே மொழிபெயர்த்தார். இடையில் சிறைவாசமும் வந்தது. ஆயினும் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719இல் அவர் மறைந்தபோது வயது 36.

மாணவ நண்பர்களே, வாங்குபவர் விலை கொடுத்தே ஆகவேண்டும். இந்தப் பருவத்தில் எதைச் செய்வோம் என்பதோடு, அதற்காக எதை விடுவோம் என்பதையும் இன்றே முடிவு செய்வோம்.