ஓதம் ஏன் மேலே ஏறியது?

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் அடிக்கடி சந்திக்கும் புதிர் ஒன்று உண்டு. சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்புயரத்துக்குக் கெட்டியாகச் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பெயின்டும் அடிக்கிறார்கள். ஓரிரு மழைக்காலம் கழிகிறது. சிமெண்ட் பூசிய இடம் அசையாமல் நிற்கிறது. அதற்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சு உப்புப் பூத்து உதிரத் தொடங்குகிறது.

விடை சுவருக்குள் இருக்கிறது. செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, அவை மண்ணிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கின்றன. இப்போது கட்டும் வீடுகளில் கடைக்காலுக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்குப் போடுகிறோம். பழைய சுவர்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஏறும் ஈரமெல்லாம் பூச்சின் வழியே காற்றில் உலர்ந்து போய்விடும் என்ற கணக்கில் கட்டப்பட்டவை அவை. ஏறும் அளவும் உலரும் அளவும் சமமாகும் உயரத்தில் ஓதம் நின்றுவிடும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் காணாமல் போவதில்லை. உலர இடம் கிடைக்கும்வரை மேலே ஏறுகிறது.

ஈரத்தோடு மண்ணின் உப்பும் கரைந்து வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் உலர்ந்தால் உப்பு வெள்ளைப் பொடியாகத் தங்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் உலர நேர்ந்தால் உப்புப் படிகங்கள் துளைகளுக்குள்ளேயே வளர்ந்து, அந்த அழுத்தத்தில் செங்கல்லையே பொடியாக்கும்.

சுண்ணாம்பு இதில் வேறுபடுவது எப்படி? சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகிறது. மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசிய பிறகு, காளவாயில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. காற்றில் அந்த வாயு சுமார் 0.04 சதவீதம்தான். அதனால் வெளியிலிருந்து உள்நோக்கி நகரும் இந்த மாற்றம் கனமான சுவரில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். இந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் உண்டு. மயிரிழை விரிசல் விட்டால், உள்ளே மாறாமல் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பை மழைநீர் கரைத்துக் கொண்டுவந்து அங்கே படியவைக்கிறது. சிறு விரிசல் தானாக மூடிக்கொள்கிறது.

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்டின் வழித்தோன்றல்தான் இன்றைய சிமெண்ட். அது காற்றுக்குக் காத்திருக்காது. தண்ணீரோடு சேர்ந்து விரைவில் இறுகும். பழைய வீட்டில் அந்தக் கடினமே வினையாகிறது. வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் சுவர் சற்றே அசைந்துகொண்டிருக்கும். மென்மையான காரை அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். காரை கடினமாக இருந்தால் செங்கல்தான் விரிசல் விடும். செங்கல்லைவிட மென்மையான காரையே பழைய சுவருக்கு நல்லது.

செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்கள் இந்த அறிவின் உச்சம். சாந்தில் வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீர் சேரும். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும். கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் கலந்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பளபளப்பு மேலே ஒட்டிய படலம் அல்ல. சுண்ணாம்பே மெருகேறி மின்னுகிறது.

அப்படியானால் இந்த வீடுகளை அருங்காட்சியகம்போலப் பூட்டி வைக்க வேண்டுமா? இவற்றைக் கட்டிய நகரத்தார் அப்படி நினைத்தவர்கள் அல்லர். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று தங்கள் காலத்தின் புதுமைகளையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டால் ஆனதுதான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாகிறது. கால் படும் தரைக்குச் சிமெண்ட், ஈரம் உலர வேண்டிய சுவருக்குச் சுண்ணாம்பு என்று இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள்.

இன்றைய வசதிகளையும் அதே பொருத்தத்தோடு சேர்க்கலாம். குளியலறை வேண்டுமா? பழைய சுவர்மீது டைல்ஸ் ஒட்டாமல், சில அங்குலம் தள்ளி, பின்னால் காற்றோட்டம் விட்டு, மெல்லிய புதுச் சுவர் ஒன்றை நிறுத்தி அதில் ஒட்டலாம். மின்கம்பிக்குச் சுவரைப் பிளக்காமல் குழாயை வெளியே தெரியும்படி ஓட்டலாம். கருப்புக் குழாயோ பித்தளைக் குழாயோ அதுவே ஓர் அலங்காரம். ஏசி சொட்டும் தண்ணீரைச் சுவரடியில் விடாமல் தள்ளிக் கொண்டுபோய்விட வேண்டும்.

வண்ணத்துக்கும் குறைவில்லை, வேதியியல் சற்றுக் குறுக்கிட்டாலும். ஈரச் சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் அளவில் 12-ஐத் தாண்டும். பல சாயங்கள் அதில் வெளுத்துவிடும். இரும்பு ஆக்சைடால் நிறம் பெறும் செங்காவியும் மஞ்சள் காவியும் தாங்கும். வெள்ளையடிக்கும்போது சேர்த்த பழைய நீலப் பொடியான அல்ட்ராமரீனும் தாங்கும். இந்த மூன்றையும் கூட்டிக் குறைத்தாலே துணிச்சலான நிறங்கள் பல கிடைக்கும்.

ஆக, பழைய வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு புதுப் பொருளிடமும் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். சுவரின் ஈரம் உலர வழி விடுகிறாயா? நாளை வேண்டாம் என்றால் சுவருக்குக் காயமில்லாமல் கழன்று வருவாயா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்துவிட்டால், சோபா என்ன நிறம் என்பது வீட்டுக்காரர் விருப்பம்.