சாமான் எடுக்கப் போகிறவருக்குக் காசா, கார்டா?

பேங்கொக்குக்குச் சாமான் எடுக்கப் போகும் நம் வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டிலும் செலவு உண்டு. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காசு. பிரதுனாம் பகுதி மொத்த உடுப்புக் கடைகளில் காசு கொடுப்பவருக்கே விலை குறையும். பல கடைகள் கார்ட் எடுப்பதில்லை. எடுத்தாலும் மேலதிகமாகச் சில வீதம் கேட்பார்கள். எனவே சரக்குக்குக் காசுதான். டொலரை 100 டொலர் தாள்களாக, கிழிசலும் எழுத்தும் இல்லாமல் பார்த்து வாங்குங்கள். சிறிய தாள்களுக்கு அங்கே மாற்று விகிதம் குறைவு. விமான நிலையத்தில் வாகனக் கூலிக்கு மட்டும் மாற்றி, மிச்சத்தை நகரத்தில் நாலு இடம் விசாரித்து மாற்றுங்கள். பெருந்தொகை என்றால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய அளவைப் புறப்படுமுன் கேட்டறியுங்கள்.

காசு தொலைந்தால் தொலைந்ததுதான். கார்ட் தொலைந்தால் வங்கிக்கு அறிவித்து நிறுத்தலாம். ஆகவே ஹோட்டலுக்கும் அவசரத்துக்கும் கார்ட் நல்லது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை.

ஒரு முறை ஹோட்டல் பில் கட்டும்போது, "ரூபாவா, பாத்தா?" என்று மெஷின் கேட்டது. கணக்குப் பார்க்க இலேசு என்று ரூபாவை அழுத்தினேன். ஊருக்கு வந்து பார்த்தால், அன்றைய வங்கி விகிதத்தைவிட நூற்றுக்கு ஐந்து வீதம் கூடப் போயிருந்தது. ரூபாவைத் தெரிந்தால் விகிதத்தை அந்தப் பக்கத்தார் தீர்மானிக்கிறார்கள். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள்.

அடுத்தது ஏ.டி.எம். கடனட்டையில் காசு எடுத்தால் பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். பொருள் வாங்கும்போது கிடைக்கும் தவணை இதற்கில்லை. வட்டிக்கு ஒதுங்கி வாழும் நாம் இதைத் தவிர்ப்பதே நல்லது. டெபிட் கார்டில் எடுத்தாலும் தாய்லாந்து வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் கழிக்கும். எடுப்பதானால் ஒரேயடியாக எடுங்கள்.

இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. கார்டில் வாங்கியதற்கு, கணக்கு வங்கிக்கு வந்து சேரும் நாளின் விகிதமே விழும். கையிலுள்ள டொலரின் விலையோ வாங்கிய அன்றே முடிந்துவிடும். அந்த விலையை வைத்தே சரக்கின் அடக்கவிலையைப் போடலாம்.

ஐந்து வீத இலாபத்துக்கு விற்பவர், அந்த ஐந்தையும் மெஷினில் விட்டுவிட்டு வரலாமா?