இதமான குரல், கரடுமுரடான ஏற்பாடு

உணவுக் கோளாறுகளால் அவதிப்படுவோருக்காக அமெரிக்காவில் இயங்கும் நேடா என்ற தேசிய அமைப்பு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவந்த உதவி எண்ணை மூடப்போவதாக 2023இல் முடிவெடுத்தது. இணையதளத்தில் ஏற்கெனவே டெஸ்ஸா என்ற சாட்பாட் இருந்தது. உதவி எண்ணுக்கு அது மாற்று அல்ல என்று நிர்வாகம் சொன்னது. பார்த்தவர்கள் பலருக்கு அது மாற்றாகவே தெரிந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் செயற்பாட்டாளர் ஒருவர் அதனிடம் பேசிப் பார்த்தார். எடையைக் குறைக்கத் தினமும் 500 முதல் 1,000 கலோரி வரை குறைத்துச் சாப்பிடலாம், கலோரிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டெஸ்ஸா சொன்னது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் யாருக்கும் சொல்லக்கூடிய ஆலோசனைதான். பட்டினி கிடந்தே சாவின் விளிம்புக்குப் போய் மீண்டவருக்கோ, அந்தக் கலோரிக் கணக்குதான் நோய். டெஸ்ஸா உடனே நிறுத்தப்பட்டது. அதன் பேச்சில் கடுமை எதுவும் இருக்கவில்லை, அன்பாகவே சொன்னது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பெருந்துயரமோ வன்முறையோ மனதில் விட்டுச்செல்லும் தழும்பை மனவடு என்கிறோம். அந்த வடு உள்ளவர்களும் தன்னிடம் வருவார்கள் என்பதை உணர்ந்து ஒரு மருத்துவமனையோ பள்ளியோ தன் நடைமுறைகளை மாற்றிக்கொள்வதே மனவடு அறிந்த பராமரிப்பு. உளவியலாளர்கள் மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் இருவரும் 2001இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். போதைப் பழக்கத்துக்கும் மனநலத்துக்குமான அமெரிக்க அரசு அமைப்பான சாம்சா, 2014இல் அதை ஆறு நெறிகளாக விரித்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவற்ற நம்பகம், ஒத்த அனுபவமுள்ளோரின் துணை, அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுழைப்பு, வருகிறவரின் குரலுக்கும் தேர்வுக்கும் இடம், பண்பாடும் வரலாறும் பற்றிய உணர்வு. செயற்கை நுண்ணறிவுக்கு இந்த நெறிகளைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இப்போது வலுத்திருக்கிறது. கணினித் துறை ஆய்வாளர்கள் 2022இலேயே இதுபற்றி விரிவான கட்டுரை எழுதிவிட்டார்கள். நடைமுறையிலோ, அது பெரும்பாலும் ‘உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது’ என்று பேச இயந்திரத்தைப் பழக்குவதாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஆறையும் மறுபடி படித்துப் பாருங்கள். குரலின் இதத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஏற்பாடு பற்றியவை: யார் நிறுத்தலாம், யாருக்குத் தெரியும், யார் மாற்றலாம், யார் பொறுப்பு.

யாரிடம் வடு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதிலிருந்துதான் இந்தச் சிந்தனை பிறந்தது. மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சான் டியாகோவில் உடல்நலப் பரிசோதனைக்கு வந்த 9,508 பேர் தங்கள் குழந்தைப் பருவம் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தார்கள். மருத்துவக் காப்பீடு உள்ள, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து மனிதர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கொடுமை, வீட்டில் வன்முறை போன்றவற்றில் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். நான்கோ அதற்கு மேலோ கண்டவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டா செவிலியர் கையுறை போடுகிறார்? எல்லோருக்கும் போடுகிறார். அதேபோல், வருகிற எவருக்கும் வடு இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு இடத்தை அமைப்பதே முறை. யார் என்றே தெரியாமல் கோடிக்கணக்கானவர்களோடு பேசும் ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. பயனரின் சொற்களை அலசி, அவருக்கு மனவடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை உருவாக்குவோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சொல்லாமலேயே பாதுகாப்பாக இருக்கும் உரிமைதான் இங்கே அடிப்படை.

இயந்திரத்துக்குச் சாதகமான சான்று ஒன்று உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எல்லி என்ற திரை மனுஷி உருவாக்கப்பட்டாள். 2014இல் வெளியான ஆய்வில், எல்லியை முழுக்கக் கணினியே இயக்குகிறது என்று நம்பியவர்கள், பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நம்பியவர்களைவிடக் குறைவாக அஞ்சினார்கள், துயரத்தைக் கூடுதலாக வெளிக்காட்டினார்கள். ஆஃப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய படைவீரர்கள், ராணுவத்தின் படிவத்தில் எழுதாத அறிகுறிகளை அவளிடம் சொன்னார்கள் என்று 2017 ஆய்வு காட்டியது. எடைபோட யாரும் இல்லாத இடத்தில் நாக்கு அவிழ்கிறது. ஆனால் அந்தத் துணிவு நிற்பது, சொன்னது வேறெங்கும் போகாது என்ற நம்பிக்கையின் மேல். அமெரிக்காவில் தற்கொலை எண்ணத்தோடு குறுஞ்செய்தி அனுப்புவோருக்கு உதவும் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற தொண்டு அமைப்பு, அந்த உரையாடல்களைப் பெயர் நீக்கி, வாடிக்கையாளர் சேவைக்கு மென்பொருள் செய்யும் ஒரு லாப நிறுவனத்தோடு பகிர்ந்துவந்தது 2022 ஜனவரியில் வெளியானது. விதிமுறைகளில் ஒப்புதல் வாங்கியிருந்தோம் என்றது அமைப்பு. சாகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் விதிமுறைகளின் அத்தனை பத்திகளையும் படித்துத் தேர்வு செய்தார் என்று சொல்ல, வழக்கறிஞருக்கு மட்டுமே மனம் வரும். சில நாட்களில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. நம்பிப் போன நிறுவனமே கைவிடும்போது முதல் காயம் ஆழமாகிறது என்பதை உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார். ஆகவே, ஓர் உரையாடல் எங்கே சேமிக்கப்படுகிறது, பயிற்சிக்குப் போகிறதா, அழிக்க முடியுமா என்பவற்றை முதல் வாக்கியம் தட்டும் முன்பே இரண்டு வரியில் சொல்வது, நூறு ஆறுதல் மொழிகளைவிடப் பெரிய பராமரிப்பு.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது. எப்போதும் அப்படி இல்லை. தீக்காயம் பட்டவர்களிடம் விபத்துக்குப் பின் சில நாட்களிலேயே நடந்ததை விரிவாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வுச் சிகிச்சையைப் பிரிட்டனில் சோதித்தார்கள். 1997இல் வெளியான முடிவின்படி, 13 மாதங்கள் கழித்து, அந்த அமர்வு கிடைத்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு மனவடு நோய் இருந்தது. அமர்வு கிடைக்காதவர்களில் 9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அமர்வு கிடைத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனாலும் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, கட்டாயமாகப் பேசவைப்பதைக் கைவிடுமாறே சொன்னது. இப்போது சாட்பாட்டின் இயல்பை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பதிலின் முடிவில் அது ஒரு கேள்வியைத் தொடுக்கிறது: அப்புறம் என்ன நடந்தது, அப்போது எப்படி உணர்ந்தீர்கள். அதற்குக் களைப்பில்லை, நேரம் முடிந்தது என்று சொல்லும் கடிகாரமும் இல்லை. பயனர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை வெற்றியின் அளவுகோலாக வைத்திருக்கும் நிறுவனத்தில், போதும் என்று சொல்லத் தெரிந்த இயந்திரம் நட்டக் கணக்கில் போகும். தேர்ந்த உளவளத் துணையாளரின் திறமையில் பாதி, கேட்காமல் விடுவதில் இருக்கிறது.

ஆறாவது நெறியான பண்பாடும் வரலாறும் பெரும்பாலும் அலங்காரமாகக் கடைசியில் எழுதப்படுவது. இலங்கையின் வடக்கை வைத்துப் பார்த்தால் அதுதான் முதலில் வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் சுனாமியும் தனி மனங்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் உடைத்ததைக் கூட்டு மனவடு என்று எழுதினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்து போராடிவருகிறார்கள். மகன் இறந்ததாகத் திதி கொடுக்கவும் முடியாமல், வருவான் என்று உறுதியாக இருக்கவும் முடியாமல் நிற்கும் அந்தத் துயரத்துக்கு, இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பாடநூல் அறிவுரை மருந்தாகாது. அவர்களைப் பொறுத்தவரை, ஏற்றுக்கொள்ளச் சொல்வது என்பது அரசு சொல்லிவரும் அதே சொல். மகனின் பெயர், பிடித்துக்கொண்டு போன இடம், சாட்சி யார் என்பதையெல்லாம் ஒரு செயலியில் தட்டினால் அந்த விவரம் யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் அங்கே கற்பனை அல்ல. ஆங்கிலத்தில் கட்டிய பாதுகாப்பு வேலி மற்ற மொழிகளில் அப்படியே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். 2023இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆபத்தான கேள்விகளை ஜூலு போன்ற, இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் பெயர்த்துக் கேட்டபோது, ஜிபிடி-4இன் தடைகள் 79 விழுக்காடு முறை உடைந்தன. ஆங்கிலத்தில் அதே கேள்விகளுக்கு அது 1 விழுக்காட்டையும் எட்டவில்லை.

வேலி என்றதும் அதைக் கட்டியவர்களிடம் போக வேண்டியிருக்கிறது. வன்முறையையும் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையையும் அடையாளம் காண ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க, அவற்றை யாராவது படித்து, இது இந்த வகை என்று குறியிட வேண்டும். ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காக அந்த வேலையைக் கென்யாவின் நைரோபியில் சாமா நிறுவனத்தின் ஊழியர்கள் செய்தார்கள். மணிக்கு 2 டாலருக்கும் குறைவான ஊதியம் என்பதை டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளிக்கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கின் பதிவுகளைச் சலித்த நைரோபி ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 140க்கும் மேற்பட்டோருக்கு மனவடு நோய் இருப்பதாக மருத்துவ அறிக்கைகள் நீதிமன்றத்தில் தாக்கலாயின. நியூயார்க்கில் ஒரு பயனருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நைரோபியில் ஒருவரின் தூக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது என்றால், காயம் ஆறவில்லை, இடம் மாறியிருக்கிறது. மனவடு அறிந்த பராமரிப்பு ஊழியர்களையும் சேர்த்தே சிந்திக்கும் முறை. மருத்துவமனைகளில் தாதியரின் களைப்பு அதன் பாடத்திட்டத்தில் உண்டு. செயற்கை நுண்ணறிவின் நெறி பற்றிப் பேசுவோர் இந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

மனவடு என்ற சொல்லே இப்போது மலிந்துவிட்டது, சின்ன மனக்கசப்புக்கும் அதைச் சூட்டுகிறார்கள், எல்லோரையும் கண்ணாடிப் பாத்திரமாக நடத்தினால் எல்லோரும் உடைந்துதான் போவார்கள் என்பது ஒரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. தீங்கு குறிக்கும் கருத்துகள் விரிந்துகொண்டே போவதை உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016இல் விவரித்தார். மனதைப் பாதிக்கக்கூடிய உள்ளடக்கம் என்ற முன்னெச்சரிக்கைகள் வேதனையைக் குறைப்பதில்லை, படிக்கும் முன் பதற்றத்தைத்தான் கூட்டுகின்றன என்று 2023இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மனவடு அறிந்த பராமரிப்பின் பலன் பற்றிய ஆய்வுகளிலும் சிறியவை, ஒப்பீட்டுக் குழு இல்லாதவை நிறைய. ஆனால் இந்த மறுப்பு அடிப்பது, நான் மேலே சொன்ன போலி வடிவத்தைத்தான்: எச்சரிக்கைப் பலகை, குழையும் குரல், கேள்விக்குப் பதில் சொல்லாமல் உதவி எண்ணை மட்டும் நீட்டும் தற்காப்பு. கடைசியில் சொன்னது சிலருக்குக் கதவைச் சாத்துவதாகவே படும். தரவு எங்கே போகிறது என்று சொல்வதும், நிறுத்தும் பொத்தானைப் பயனரிடம் கொடுப்பதும், மென்பொருளைச் சொல்லாமல் மாற்றாதிருப்பதும் யாரையும் பலவீனப்படுத்தாது. டெஸ்ஸா தொடக்கத்தில் முன்கூட்டி எழுதிய பதில்களை மட்டுமே சொன்ன, ஆய்வில் சோதிக்கப்பட்ட கருவி. பின்னர் அதை நடத்திய நிறுவனம், புதிதாக வாக்கியம் ஆக்கும் திறனைச் சேர்த்துவிட்டது. தமக்கு அது தெரியாது என்றது நேடா. துணை போலப் பேசும் பாத்திரங்களைத் தரும் ரெப்ளிகா செயலி 2023 பிப்ரவரியில் தன் பாத்திரங்களின் நெருக்கப் பேச்சைத் திடீரென நிறுத்தியபோது, பயனர்கள் கூடும் தளத்தில் தற்கொலைத் தடுப்பு எண்களைப் போடவேண்டி வந்தது. அந்தப் பேச்சு சரியா தவறா என்பது வேறு வழக்கு. சொல்லாமல் கொள்ளாமல் மாறும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அந்தத் திடீர் மாற்றம் புதிய அனுபவம் அல்ல.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று: மனிதர் கிடைக்காத இடத்தில் இயந்திரமாவது இருக்கட்டுமே. இந்தியாவில் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதோர் 70 முதல் 92 விழுக்காடு. இவர்களிடம் போய் நெறி பேசுவது வயிறு நிறைந்தவரின் பேச்சாகத் தோன்றலாம். டார்ட்மத் கல்லூரி உருவாக்கிய தெராபாட், 2025இல் வெளியான 210 பேர் கொண்ட சோதனையில், மனச்சோர்வு அறிகுறிகளைச் சராசரியாக 51 விழுக்காடு குறைத்தது என்பதும் லேசான செய்தியல்ல. ஆனால் அந்தச் சோதனை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். நிபுணர்கள் எழுதிய உரையாடல்களில் பயிற்சி பெற்ற கருவி அது. அது அனுப்பிய செய்திகளையெல்லாம் ஆய்வுக் குழுவினர் கண்காணித்தார்கள், ஆபத்து என்றால் தலையிடத் தயாராக இருந்தார்கள். இயந்திரம் மட்டும் பெற்ற வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது. பின்னணியில் இருந்த மனிதர்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஏழை நாட்டுக்குப் பரிந்துரைப்பவர், சோதிக்கப்படாத பொருளைத்தான் பரிந்துரைக்கிறார். ஆளில்லாத இடத்துக்குத்தான் ஆளில்லாத கருவி போகிறது. தவறினால் எடுத்துப் பிடிக்கவும் அங்கே ஆளில்லை.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உளச்சிகிச்சை அளிப்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் தடைசெய்தது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம். சிகிச்சை என்று விளம்பரம் செய்பவர்களை அது பிடிக்கும். சிகிச்சை என்ற பெயரே இல்லாத பொதுச் சாட்பாட்டிடம் இன்று கொட்டப்படும் துயரங்களுக்கும், நைரோபியில் குறியிடும் மேசைக்கும் அதன் கை எட்டாது. அந்த மேசைகளில் இருந்தவர்கள் 2023 மே முதல் நாள் நைரோபியில் கூடி, 150க்கும் மேற்பட்டோர் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கத்தை உருவாக்கினார்கள். ஒத்த அனுபவமுள்ளோரின் துணை என்று சாம்சா எழுதியதை, யாரும் கற்றுத்தராமலே செய்து பார்த்தவர்கள் அவர்கள். நேடாவின் உதவி எண்ணில் பணியாற்றியவர்களும் அதே ஆண்டு வாக்கெடுத்துச் சங்கம் அமைத்திருந்தார்கள். உதவி எண் மூடப்படும் என்ற அறிவிப்பு சில நாட்களில் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது நிர்வாகம்.