ஏரி தந்த விடை

வட அமெரிக்கப் பேரேரிகளுள் ஒன்றாகிய ஈரியில், 1960-களில் பாசி அளவின்றிப் பெருகிற்று. அது மடிந்து அழுகியதால் ஆழ்நீரில் ஆக்சிஜன் குறைந்தது, மீனினம் நலிந்தது. அக்கேட்டிற்குக் காரணம் கார்பனா, நைட்ரஜனா, பாஸ்பரசா என்பதில் அறிஞர் கருத்து வேறுபட்டனர்.

ஐயந்தீர்க்கச் சிற்றேரி ஒன்றே ஆய்வுக்கூடமாயிற்று. 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலுள்ள 226-ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரு கூறாக்கினர். இரண்டிலும் கார்பனையும் நைட்ரஜனையும் கலந்தனர். ஒன்றில் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தனர். அவ்வாண்டிலேயே அக்கூறு பாசி படர்ந்து பச்சை நிறமுற்றது. மற்றது தெளிந்தே நின்றது.

சலவைத்தூளிலும் கழிவுநீரிலும் பாஸ்பரசைக் குறைக்கும் சட்டங்கள் இவ்வாய்வால் வலிமை பெற்றன; 1980-களில் ஈரி பெரிதும் தெளிந்தது. பின்னர் வயல்களின் உரம் கலக்கவே, பாசி மீண்டும் தலைகாட்டிற்று. நீரைக் காக்கும் கடமை ஒருமுறையோடு முடிவதன்று.