முன்சாமியின் ஊர் எது?

சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் வந்து இறங்குகிறார். நிறம் நம் நிறம், முகம் நம் பெரியப்பா முகம். தமிழ் மட்டும் வரவில்லை. தன் பூட்டன் இந்தப் பக்கத்து ஆள் என்கிறார். குடும்பப் பெயர் முன்சாமியாம். கடையில் இருக்கிற நாலு பேரும் யோசிக்கிறார்கள். “முன்சாமியா? அப்படி ஒரு வகையறா இங்கே இல்லையேப்பா” என்கிறார் பெரியவர். விசாரணை முடிந்தது. வந்தவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அவசரப்படாமல் இன்னொரு டீ சொல்லிவிட்டு, அவர் பூட்டன் போன வழியே நாமும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

நேட்டால் என்பது டர்பன் இருக்கும் பகுதி. அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று, ஒப்பந்தம் போட்டு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் முதல் ஆட்களை இறக்கியது. 1911 வரை கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் போனவர்கள் 1,52,184 பேர். இத்தனை துல்லியமாகத் தலை எண்ணத் தெரிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து ஒவ்வொருவரையும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எழுத்துதான் நமக்கு வேண்டும்.

அதற்கு முன்னால் பெயர் விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். மகனுக்கு அது மாறிவிடும், பேரனுக்கு மறுபடி மாறும். ஓடுகிற தண்ணீர் மாதிரி. கடல் தாண்டிய இடத்தில் பிறப்புப் பதிய, பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் குடும்பப் பெயர் கேட்டார்கள். ஊரில் முனியசாமியாக இருந்த மனிதரின் பெயரை மகனுக்குப் பின்னால் எழுதினார்கள். அங்கேயே அது உறைந்துவிட்டது. பேரனும் முன்சாமி, அவன் பேத்தியும் முன்சாமி. போன மனிதர் முனுசாமியாகவும் இருந்திருக்கலாம்; வெள்ளைக்காரர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக, முன்சாமி என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல, ஒரே ஒரு ஆளின் பெயர். ஊரும் அதில் இல்லை, வகையறாவும் இல்லை. எல்லோரும் இடறி விழுவது இங்கேதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், குடும்பப் பெயர் பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டிய லேபிள். கிளிப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து எந்த ஊர் ரூமில் மருந்து ஏற்றினார்கள் என்று சொல்ல முடியுமா? சாதிப் பட்டமே குடும்பப் பெயராக இருந்தாலும் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. டர்பனில் ‘கோவெண்டர்’ என்றால் நம் கவுண்டர், ‘மூட்லி’ என்றால் முதலி. ஆனால் அந்தப் பட்டத்தோடு கப்பல் ஏறியவரும் உண்டு, இறங்கிய பிறகு சூட்டிக்கொண்டவரும் உண்டு. (நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. புது மண்ணில் புதுப் பெயர் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?)

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமா என்றால், இல்லை. அதே காலத்தில் போலந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் பேரப்பிள்ளைகள், நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குமாஸ்தா தங்கள் பெயரை வெட்டிவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் அந்தக் குமாஸ்தா, கப்பல் புறப்பட்ட இடத்திலேயே எழுதி வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்தான். பெயரைச் சுருக்கிக்கொண்டது பெரும்பாலும் அந்தந்தக் குடும்பங்களே, அதுவும் குடியேறிய பிறகு. அவர்களுக்கு ஒரு வசதி: ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்கள் பலவற்றில் ஏதோ ஓர் ஊர் ஒளிந்திருக்கும். நமக்கு அதுவும் இல்லை.

நமக்கு இருப்பது எண். ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் உண்டு. பட்டாசுப் பெட்டியில் லேபிளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற பேட்ச் எண் மாதிரி. கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மடிந்து கிடக்கும் ஏதாவது ஒரு காகிதம், எங்காவது அது இருக்கும். அது கிடைத்தால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் பட்டியலில் அந்த வரியைப் பிடித்துவிடலாம். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். முழங்காலில் ஒரு தழும்பு, புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் என்று பூட்டனின் உடம்பே அங்கே எழுதிக் கிடக்கும்.

கிராமத்தின் பெயரைக் கண்ணால் படித்தால் புரியாது. ‘அட்சன்கோலம்’ என்பது போல இருக்கும். வாய்விட்டு, நாலு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜில்லா இன்னும் மோசம். சாத்தூர், சிவகாசி வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. பிறகு ராமநாதபுரம். 1985-இல் காமராஜர் மாவட்டம், 1997-இல் விருதுநகர் மாவட்டம். ஊர் ஓரடி நகரவில்லை, முகவரி மூன்று தடவை மாறிவிட்டது.

ஊர் கிடைத்த பிறகு ஆளைத் தேடுவது நம் வேலை. இங்கே நமக்குக் கை கொடுப்பது ஒரு பழைய வழக்கம்: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. பட்டியலில் உள்ள அப்பா பெயர், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, இன்றைக்கும் அதே தெருவில் நடமாடிக்கொண்டிருக்கலாம். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டைப் புரட்டச் சொல்லலாம். பங்காளிகள் அதில் மொத்தமாக இருப்பார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் கதை வேறு. நம் பக்கத்தில் அப்படிப் போனவர்கள்தான் அதிகம். அவர்களை அழைத்துப்போனது கங்காணி. அநேகமாக அவரும் சொந்த ஊர்க்காரர்தான். இப்படி ஆளுக்கு ஒரு வரி எழுதிய கப்பல் பட்டியல் அங்கே இல்லை. கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டில் தோட்டத்தின் எண் இருந்தது, ஊர் இல்லை. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களுக்கு, வாய்வழியாக வந்த ஊர்ப் பெயர்தான் துணை. ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் போனவரைவிட, வாரக்கணக்கில் கப்பலில் போனவரைக் கண்டுபிடிப்பது சுலபம்!

அடுத்த முறை அப்படி யாராவது வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், குடும்பப் பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். அப்பா பெயரையும் ஜில்லாவையும் கேளுங்கள். காகிதத்தில் திருநெல்வேலி என்று இருந்தால், பஸ் மாறி ஏறிவிட்டார் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சரியான ஊருக்குத்தான் வந்திருப்பார்.