மூலக் கலமும் முறிந்த முள்ளந்தண்டும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் மாணவர் ஒருவர் விளம்பரத் தாளொன்றைக் கையிற்கொண்டு நம்மிடம் வந்தார். அயல்நாட்டு மருத்துவ நிலையமொன்று, மூலக் கலச் சிகிச்சையினால் கால் வழங்காதோரையும் நடக்கச் செய்வதாக அதில் அறிவித்திருந்தது. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் எறிகணைச் சிதறல் பட்டு, இடுப்பின் கீழ் உணர்விழந்தவர் அம்மாணவரின் தமையனார். “அண்ணாவாலை திரும்பவும் நடக்க ஏலுமோ, சேர்? அம்மா வயலை விற்கப் போறா” என்றார் மாணவர்.

வன்னியில் இஃது ஒரு வீட்டுக் கேள்வியன்று. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கென மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்னும் அமைப்பே இயங்கி வருகின்றது.

மூலக் கலம் என்பது யாது? நம் உடற் கலங்களுட் பெரும்பாலானவை ஒரே தொழிலுக்கென அமைந்துவிட்டவை. மூலக் கலமோ தன்னைப் பெருக்கவும் வேறு கலமாக மாறவும் வல்லது. என்பு மச்சையிலுள்ள இத்தகைய கலங்களே நாள்தோறும் புதுக்குருதியை ஆக்குகின்றன. 1961இல் கனடாவைச் சேர்ந்த டில், மக்கலொக் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு இதற்குச் சான்று காட்டினர். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை நிலைநாட்டிய டொனல் தோமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். தலசீமியாவுக்கும் சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கும் அச்சிகிச்சை இன்று கைகண்ட வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பல்லாண்டுகளாக அது நடைபெற்று வருகின்றது.

ஆயின் குருதி வேறு, நரம்பு வேறு. குருதிநாளத்திற் செலுத்திய மச்சைக் கலம் தன் இடத்தைத் தானே தேடிச் சேரும். நரம்பிழையோ மூளையிலிருந்து நீண்டு, தழும்பைக் கடந்து, தனக்குரிய துணையுடன் சரியாகப் பொருந்த வேண்டும். ஆயிரம் கம்பிகள் கொண்ட தொலைபேசி வடம் அறுந்த இடத்திலே செம்பைக் கொண்டுபோய்க் கொட்டினால் பேச்சு வருமா?

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. வளர்ந்த கலத்தையே மூலக் கலமாக மாற்றலாமென்று யப்பானிய அறிஞர் யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதக் கலத்திலும் காட்டினார். அவ்வழியில் ஆக்கிய கலங்களைக் கெய்யோ பல்கலைக்கழகத்தார் நால்வரின் முள்ளந்தண்டிற் செலுத்தி, 2025இல் முடிவை வெளியிட்டனர். இருவரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஒருவர் தாமே எழுந்து நின்றார். ஆனால் அந்நால்வரும் காயமுற்றுச் சில வாரங்களே ஆனவர்கள். அக்காலத்தில் உடல் தானாகவே ஓரளவு தேறுவதும் உண்டு. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட தழும்பைப்பற்றி அச்சோதனை எதுவும் சொல்லவில்லை.

தீங்கும் உண்டு. போர்த்துக்கலில் மூக்கின் உட்சவ்வுக் கலங்களை முள்ளந்தண்டில் வைத்துக்கொண்ட பெண்ணொருவருக்கு, எட்டு ஆண்டுகளின் பின் அவ்விடத்திலே கட்டியொன்று வளர்ந்தமை 2014இல் வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, குருதி நோய் முதலிய சிலவற்றுக்கன்றி ஏனையவற்றுக்கு மூலக் கலத்தைச் சோதனையாக மட்டுமே பயன்படுத்த இடமளிக்கின்றது. சோதனைக்கு நோயாளியிடம் பணம் எதற்கு? விளம்பரத்தாரிடம் முதலிற் கேட்கவேண்டியது இதுதான் என்றோம்.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தமையனாரின் படுக்கைப்புண் ஆறாதிருப்பதைச் சொன்னார். முள்ளந்தண்டு முறிந்தோரின் உயிரைக் குடிக்கவல்லவை அப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். நல்ல மெத்தைக்கும் சக்கர நாற்காலிக்கும் வயலை விற்க வேண்டியதில்லை.

இப்போது அவ்வீட்டு வாசற்படியை இடித்துச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். வயல் விற்கப்படவில்லை. தாயார் மட்டும் அவ்விளம்பரத் தாளை இன்னும் எறியவில்லையாம்.